ஒற்றைச் சாட்சி போதாது



நம் முத்துக்குளித்துறையில் பண்டைய வழக்கம் ஒன்று இருந்தது. சலாபம் நடைபெறும் என்று அரசு அறிவிப்பதற்கு முன்னர், கடலடியிலுள்ள பாரிலிருந்து மாதிரிக்கெனச் சிப்பிகளை எடுத்து வருவர். அவற்றைத் திறந்து, கிடைத்த முத்துக்களைச் சல்லடையிலிட்டுத் தரம் பிரித்து, எடையிட்டு, தேர்ந்த வணிகரைக் கொண்டு மதிப்பிடுவர். அதன் பின்னரே இவ்வாண்டு குளிக்கலாமா, பொறுத்திருக்கலாமா என்னும் முடிவு பிறக்கும். ஒரு சிப்பியில் ஆணிமுத்து இருந்தது என்பதற்காகப் பார் முழுவதும் முத்து என்று எவரும் முடிவு கட்டியதில்லை. ஒரு சிப்பி வெறுமையாயிருந்தது என்பதற்காகத் தோணியைக் கரையேற்றியதும் இல்லை. 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் சலாபம் நின்றுபோயிற்று. ஆனால் அந்த நிதானம் நமக்கு இன்றும் தேவைப்படுகிறது. கடலில் அன்று, மருத்துவர் தரும் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்கும்போது.

"சாமி, இதிலே என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டு பங்கு இல்லத்தின் படியேறி வருவோர் உண்டு. காய்ச்சலுக்காக எடுத்த சீட்டு, வெளிநாட்டு வேலைக்காக எடுத்த சீட்டு, திருமணத்திற்கு முன் எடுத்த சீட்டு எனப் பலவகை. அவற்றுள் பலவற்றில் 'எலிசா' என்ற சொல் காணப்படும். பெண்பிள்ளையின் பெயர்போல் ஒலிக்கும் இச்சொல், உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் நோய் சார்ந்த புரதங்களைக் கண்டறியவும் அளக்கவும் கையாளப்படும் முறையின் சுருக்கப் பெயர். அது எவ்வாறு இயங்குகிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று. அறியாமையால் உடைந்த உள்ளங்கள் பல.

பல்லாங்குழித் தட்டு

நம் உடலுக்குள் அந்நியக் கிருமி ஒன்று நுழைந்தால், அதனை எதிர்க்கவென்று உடல் ஒருவகைப் புரதங்களை உண்டாக்குகிறது. இவற்றை எதிர்ப்பொருள் என்பர். ஒரு பூட்டுக்கு அதற்குரிய திறவுகோலே பொருந்துவதுபோல், ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய புரதத்தோடுதான் இறுகப் பற்றிக்கொள்ளும். எலிசாவின் அடிப்படை இந்தப் பற்றுதலே.

உள்ளங்கை அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டை எண்ணிக்கொள்ளுங்கள். பல்லாங்குழிப் பலகையில் பதினான்கு குழிகள் இருப்பதுபோல, இத்தட்டில் வரிசைக்குப் பன்னிரண்டாக எட்டு வரிசைகளில் 96 குழிகள் உள்ளன. கிருமியின் புரதத்தை முதலில் குழிகளின் உட்புறத்தில் ஒட்டவைப்பர். புரதம் பிளாஸ்டிக்கில் தானே ஒட்டிக்கொள்ளும். எஞ்சிய வெற்றிடத்தில் வேறெதுவும் ஒட்டாதிருக்க, தீங்கற்ற மற்றொரு புரதத்தால் அதனை நிரப்புவர். சில ஆய்வுக்கூடங்களில் ஆடை நீக்கிய பால்மாவே இதற்குப் போதுமானதாகிறது. பின்னர், இரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் ஊநீரைச் சிறிது நீர்த்து, ஒரு குழியில் இடுவர். அந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் ஊநீரில் இருந்தால் குழியிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்ளும். இல்லையெனில் கழுவும்போது எல்லாம் போய்விடும்.

பற்றியதோ இல்லையோ, கண்ணுக்குத் தெரியாதே! ஆகவே, நொதி ஒன்றைச் சுமந்த இரண்டாவது எதிர்ப்பொருளை இடுகின்றனர். அது முதல் எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும். மறுபடியும் கழுவியபின், நிறமற்ற நீர்மம் ஒன்றைச் சேர்ப்பர். குழியில் நொதி தங்கியிருந்தால் அந்நீர்மம் நிறம் மாறும். ஒரு நொதி மூலக்கூறு ஓயாமல் வேலை செய்து ஆயிரமாயிரம் மூலக்கூறுகளை நிறம் மாற்றுவதால், மிகச் சிறிய அளவும் கண்ணுக்குப் புலனாகிறது. இதற்குப் பெரிதும் பயன்படும் நொதி, மேலைநாட்டார் உணவில் சேர்க்கும் முள்ளங்கி இனத்துக் கார வேர் ஒன்றிலிருந்து எடுக்கப்படுவது. இறுதியில் சிறிது அமிலம் இட்டு வினையை நிறுத்தி, ஒளி பாய்ச்சும் கருவியால் நிறத்தின் அடர்த்தியை எண்ணாக எடுப்பர்.

நோயின் புரதத்தையே அளக்க வேண்டுமானால், குழியில் எதிர்ப்பொருளை ஒட்டவைத்து, இடையில் அப்புரதத்தைப் பிடித்து, மேலே நொதி சுமந்த மற்றோர் எதிர்ப்பொருளால் மூடுவர். எவ்வளவு என்று அறிவதெப்படி? முத்து வணிகர் ஒரு தட்டில் முத்தையும் மறு தட்டில் மஞ்சாடியையும் வைத்து நிறுத்தனர் அன்றோ? அதுபோல, அளவு தெரிந்த புரதத்தைப் படிப்படியாக நீர்த்துக் குழிகளில் வரிசையாக இட்டு, அவற்றின் நிறங்களைக் கோடாக வரைந்து, சோதனைக்குரிய மாதிரியின் நிறம் அக்கோட்டில் எங்கே விழுகிறது என்று பார்ப்பர். ஒரே மாதிரியை இரண்டு குழிகளில் இட்டு, இரண்டும் ஒத்துவருகின்றனவா என்றும் நோக்குவர். நோய் உண்டென்று முன்னரே தெரிந்த ஊநீர் ஒன்றும், இல்லையென்று தெரிந்தது ஒன்றும் அதே தட்டில் இருக்க வேண்டும். அவை சரியான விடை தராவிட்டால் தட்டு முழுவதையும் தள்ளிவிட வேண்டியதுதான். கழுவுவதில் சிறிது அசட்டை நேர்ந்தாலும் பொய்நிறம் தோன்றும்.

இம்முறை பிறப்பதற்கு முன் இரத்தத்திலுள்ள நுண்ணளவுப் புரதங்களைக் கதிரியக்கப் பொருளைக் கொண்டு அளந்தனர். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் ரோசலின் யாலோ அம்மையாரும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அவ்வாறு அளந்து காட்டினர். பெர்சன் 1972-ல் மறைந்தார். யாலோ 1977-ல் நோபல் பரிசு பெற்றார். கதிரியக்கத்தின் இடத்தில் நொதியை வைக்கலாம் என்று 1971-ல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வால் அம்மையாரும் பீட்டர் பெர்ல்மனும் காட்டினர். அதே காலத்தில் நெதர்லாந்தில் வான் வீமன், ஷுர்ஸ் என்னும் இருவரும் தனியே இதே வழியைக் கண்டனர். கதிரியக்கத்தின் ஆபத்தும் செலவும் நீங்கவே, சிறிய மருத்துவமனைகளும் இச்சோதனையைச் செய்ய இயன்றது.

வேலூரில் ஒரு நண்பகல்

நம் தமிழ் மண்ணிலேயே இம்முறை ஒரு பெருஞ்செய்தியை வெளிப்படுத்தியது. எய்ட்ஸ் நோய் மேலைநாட்டாருக்கே உரியது என்று நாட்டில் பலர் எண்ணியிருந்த காலம் அது. மும்பை, புனே நகரங்களில் நூற்றுக்கணக்கானோர் சோதிக்கப்பட்டும் நோய்க்கிருமி காணப்படவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த சுனிதி சாலமன் அம்மையார், தம் மாணவியான டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் இதனை ஆய்வுப் பொருளாக எடுக்குமாறு 1985-ல் கூறினார். நிர்மலா, பாலியல் தொழிலில் தள்ளப்பட்டுச் சென்னையில் அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள் முதலியோரிடம் எண்பதுக்கு மேற்பட்ட இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறையும் இல்லை, மாதிரிகளை வைக்கத் தனி வசதியும் இல்லை. தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே ஊநீரைப் பாதுகாத்தார்.

அக்காலத்தில் சென்னையில் எச்.ஐ.வி. சோதனைக்கு வசதி இல்லாமையால், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஏற்பாடு செய்யப்பட்டது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவர் கணவரும் மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் காட்பாடி சென்றிறங்கினர். வைரஸ் ஆய்வுத் துறையின் தலைவர் டாக்டர் ஜேக்கப் ஜான், ஜார்ஜ் பாபு, எரிக் சிமோயஸ் என்னும் இரு இளைய மருத்துவர்களைத் துணைக்கு அளித்தார். காலையில் எலிசா தொடங்கியது. நண்பகலில் மின்சாரம் நின்றுவிட, தேநீர் அருந்தச் சென்றனர். திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது சில குழிகள் மஞ்சளாயிருந்தன. ஆறு பெண்களின் மாதிரிகள் அவை.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது, அதன் பின் அவர்கள் செய்ததையே. மஞ்சள் நிறத்தைக் கண்டவுடன் அவர்கள் ஊரறியப் பறைசாற்றவில்லை. சென்னைக்குத் திரும்பி அதே ஆறு பெண்களிடம் புதிதாக இரத்தம் எடுத்தனர். அம்மாதிரிகளை டாக்டர் சிமோயஸ் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கே 'வெஸ்டர்ன் பிளாட்' என்னும் வேறு முறையில் சோதிக்கப்பட்டது. கிருமியின் புரதங்களைப் பருமனுக்கேற்பத் தனித்தனியே பிரித்து, அவற்றுள் எவற்றை எதிர்ப்பொருள் பற்றுகிறது என்று காட்டும் முறை அது. அந்த இரண்டாம் சாட்சியும் ஒத்துரைத்த பின்னரே செய்தி அரசுக்குச் சென்றது. 1986 மே மாதத்தில் அன்றைய நலத்துறை அமைச்சர் டாக்டர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதனை அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. உண்டு என்பது இவ்வாறே உறுதிப்பட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இரண்டாம் சாட்சி ஏன் தேவை? நல்ல சோதனை என்றால் ஒரு முறையே போதாதோ? சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

நோயுற்றோர் நூறு பேரில் 99 பேரைச் சரியாகக் கண்டுபிடித்து, நோயற்றோர் நூறு பேரில் 99 பேரைச் சரியாக விடுவிக்கும் சோதனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நோய், ஆயிரத்தில் ஒருவருக்கே உள்ளதென்றும் வைத்துக்கொள்வோம். 10,000 பேரைச் சோதித்தால் அவர்களுள் நோயுற்றோர் பத்துப் பேர். ஏறத்தாழப் பத்துப் பேரும் பிடிபடுவர். மீதி 9,990 பேர் நலமுள்ளோர். அவர்களுள் நூற்றுக்கு ஒருவர் வீதம் சுமார் நூறு பேருக்குச் சோதனை தவறாக 'உண்டு' என்று சொல்லும். ஆக, 'உண்டு' என்று சீட்டுப் பெறும் 110 பேரில் உண்மையில் நோயுள்ளவர் பத்துப் பேரே! நூறு பேர் காரணமின்றிக் கலங்குவர்.

சோதனை பொய் என்று இதற்குப் பொருளன்று. அது சல்லடையின் வேலையைச் செய்தது. 10,000 பேரை 110 பேராகக் குறைத்துத் தந்தது. அந்த 110 பேரை வேறு முறையால் மீண்டும் சோதித்தால் உண்மை வெளிப்படும். இதனாலேயே நம் நாட்டில், நோய்க்குறி இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டென்று அறிவிப்பதற்கு முன் மூன்று வெவ்வேறு சோதனைகள் செய்யப்படுகின்றன. ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு எவரையும் தீர்ப்பிடலாகாது என்று மோயீசன் சட்டம் விதித்ததை நாம் அறிவோம். ஆய்வுக்கூடத்தின் சட்டமும் அதுவே. ஓலை கூறும் நாள் நெருங்கும்போது ஒற்றைச் சீட்டைக் கண்டு மண ஒப்பந்தத்தை முறிக்கத் துணிவோர் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பார்களாக.

கேள்வி தவறானால்

சில வேளைகளில் சோதனையின் கை பிசகாது. கேட்ட கேள்வியே பிசகாகிவிடும். காசநோய் இதற்குச் சான்று.

காசநோயை இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளைக் கொண்டு அறியலாம் என்று கூறி, எலிசா முதலிய சோதனைகள் பல ஆண்டுகளாக நம் நாட்டில் விற்கப்பட்டன. கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் நம் நாட்டில் காசநோய்க் கிருமி உடலில் உறங்கிக்கிடக்க, நோயின்றி நடமாடுவோர் பல கோடிப் பேர். அவர்களுக்கும் எதிர்ப்பொருள் இருக்கக்கூடும். மறுபுறம், நோயுற்றோர் பலரிடம் அது போதிய அளவு காணப்படுவதுமில்லை. நோயில்லாதவர் மாதக்கணக்கில் மருந்து உண்டதும், நோயுள்ளவர் நலமென்று வீடு திரும்பியதும் இதனால் விளைந்தவை. உலகச் சுகாதார நிறுவனம் 2011-ல் இச்சோதனைகளைக் கையாள வேண்டாம் என்று அறிவித்தது. இந்திய அரசு 2012 ஜூன் மாதத்தில் இவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்தது.

ஆகவே, இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்கே செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். குழியில் புரதம் இருந்தது என்று காண்பது ஒன்று. அதனால் இன்ன நோய் என்று துணிவது மற்றொன்று. முன்னது ஆய்வுக்கூடத்தின் பணி. பின்னது நோயாளியை நேரில் கண்டு, பிற குறிகளையும் ஒப்புநோக்கும் மருத்துவரின் பணி.

எந்த நாளில் கேட்டோம்?

சாட்சியை எப்போது விசாரிக்கிறோம் என்பதும் முக்கியம். குடிநீரைத் தொட்டியிலும் டிரம்மிலும் சேமித்து வைத்து வாழும் நம் கடற்கரை ஊர்களுக்கு டெங்கு புதிதன்று. டெங்குக் கிருமியின் என்.எஸ்.1 என்னும் புரதம், காய்ச்சல் கண்ட முதல் நாளிலிருந்து சுமார் ஐந்து நாட்கள் வரை இரத்தத்தில் எளிதில் அகப்படும். அதன் பின்னர் அது குறைந்து, உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் மிகும். எனவே முதல் நாட்களில் என்.எஸ்.1 எலிசாவும், ஐந்தாம் நாளுக்குப் பின் எதிர்ப்பொருள் எலிசாவும் பொருத்தமானவை. நாள் மாறிக் கேட்டால், நோய் இருந்தும் 'இல்லை' என்ற விடை வரும். மருத்துவர் "காய்ச்சல் என்று தொடங்கியது?" என்று கேட்கும்போது, குத்துமதிப்பாய்ச் சொல்லாமல் சரியான நாளைச் சொல்லுங்கள், தாய்மாரே. காய்ச்சல் தணியும் நாட்களிலேயே இந்நோய் சிலரிடம் கடுமையாகும் என்பதையும் மறவாதீர்கள்.

எச்.ஐ.வி.யிலும் இவ்வாறே. கிருமி தொற்றிச் சில வாரங்கள் கழிந்த பின்னரே எதிர்ப்பொருள் தென்படும். அதற்கு முன் எடுத்த சோதனையில் 'இல்லை' என்று வந்தால் மூன்று மாதத்திற்குப் பின் மீண்டும் பார்த்தல் வேண்டும். கிருமியுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் செய்தி வேறு. தாயின் எதிர்ப்பொருள் கருவிலேயே குழந்தைக்குச் சென்றுவிடும். ஆகையால் பதினெட்டு மாதம் வரை குழந்தைக்குக் கிருமி உண்டா என்பதை எதிர்ப்பொருள் சோதனையால் தீர்மானிக்க இயலாது. கிருமியின் மரபுப் பொருளையே தேடும் சோதனை வேண்டும். இதை அறியாமல், பச்சிளங் குழந்தையின் சீட்டைக் கண்டு தாயையும் சேயையும் ஒதுக்கிவைப்பது எத்தகைய கொடுமை!

சாட்சி உண்மையே ஆனாலும்

இதுவரை தவறான விடைகளைப் பற்றிக் கூறினோம். விடை சரியாகவே இருந்தால்? அப்போதும் அது தீர்ப்பாகிவிடாது.

கோவாவில் டொமினிக் டிசூசா என்னும் கத்தோலிக்க இளைஞர் இரத்ததானம் செய்து வந்தார். அவ்வாறு அளித்த இரத்தத்தில் எச்.ஐ.வி. காணப்பட்டது. 1989 பிப்ரவரியில் காவலர் அவரை அழைத்துச் சென்று, முன்பு காசநோய் மருத்துவமனையாயிருந்த கட்டடத்தில் தனியே அடைத்தனர். குற்றம் எதுவும் செய்யாத அவர் 64 நாட்கள் அங்கே கிடந்தார். தாய் நீதிமன்றத்தை நாடினார். பொதுமக்கள் சிலர் குரல் எழுப்பினர். வெளிவந்தபின், தம்மைப் போன்றோருக்காக உழைத்து, 1992-ல் அவர் உயிர்நீத்தார். அவருடைய இரத்தம் சொன்னது உண்மை. அந்த உண்மையைக் கொண்டு மனிதர் செய்தது அநீதி.

சென்னைப் பெண்கள் அறுவரையும் நினைவுகூர்வோம். தங்கள் இரத்தம் எந்த நோய்க்காக எடுக்கப்படுகிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பால்வினை நோய்களுக்கான சோதனை என்றே எண்ணினர். அக்காலத்தில் அதற்கென வரையறுத்த சட்டம் இல்லை. நாட்டிற்கு எச்சரிக்கை அளித்தது அவர்களுடைய இரத்தமே. அவர்களுடைய பெயர்களை நாடு அறியாது. அறியாதிருப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகும். நோயாளர் எங்கும் துரத்தப்படுவதைக் கண்ட சுனிதி சாலமன் 1993-ல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தை நிறுவி, 2015-ல் மறையும் வரை அவர்களுக்காகவே உழைத்தார்.

இன்று சட்டம் இருக்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, ஒருவருக்கு விளக்கிச் சொல்லி, அவருடைய இசைவைப் பெற்ற பின்னரே சோதிக்க வேண்டும். முடிவை இரகசியமாகக் காக்க வேண்டும். நோயைக் காட்டி வேலையோ படிப்போ மருத்துவமோ மறுக்கலாகாது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாக அளிக்கப்படுகிறது. அதை ஒழுங்காக உண்போர் நெடுநாள் வாழ்கின்றனர். நோயில்லாக் குழந்தைகளைப் பெற்றெடுக்கின்றனர். நம்பிக்கை மையங்களில் இலவசமாகவும் இரகசியமாகவும் சோதனை செய்து கொள்ளலாம்.

இறுதியாகக் குடும்பங்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. சோதனைச் சீட்டு ஒன்று வீட்டிற்கு வந்தால் நான்கு கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள். எதைத் தேடிய சோதனை இது? நோயின் எந்த நாளில் எடுக்கப்பட்டது? வேறு முறையால் உறுதி செய்யப்பட்டதா? இனிச் செய்ய வேண்டியது என்ன? விடை கிடைக்கும் வரை அண்டை வீட்டாரிடம் வாய் திறவாதீர்கள். பிறர் வீட்டுச் சீட்டைப் பற்றிய பேச்சு அன்பியக் கூட்டத்தில் எழுந்தால், அதை அங்கேயே நிறுத்துங்கள். எச்.ஐ.வி. உண்டென்று உறுதியானவரின் வீட்டிற்கு வழக்கம்போல் போய் வாருங்கள். அவர் கையால் தரும் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். அதனால் எச்.ஐ.வி. தொற்றாது.